முள்ளங்கிப் புழுவைக் கொல்லாமல் டப்பாவில் வளர்த்த கதை

பி.டி. பவுடர், அதாவது பாக்டீரியாவிலிருந்து செய்த புழு மருந்து, அடித்து நான்காம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், புழுக்கள் முன்னைவிடக் கொழுகொழுவென்று முள்ளங்கி இலையை மேய்ந்துகொண்டிருந்தன. அதே பவுடரை முந்தின வருடம் முட்டைக்கோஸில் வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு அடித்தபோது மூன்றே நாளில் புழுக்கள் கறுத்துத் தொங்கின. இந்த முறை ஒன்றுகூடச் சாகவில்லை. கடையில் கேட்டேன். "டோஸ் பத்தலைண்ணே, கூடப் போடுங்க" என்றார்கள். கூடப் போட்டேன். பணம் போனதுதான் மிச்சம்.

இடம் வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை கண்ணுக்கு நேராகத் தெரிகிற 15 சென்ட் தோட்டம். ஐப்பசி மழைக்குப் பிறகு முள்ளங்கி போடுவோம். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பிடுங்கி, இலையோடு கட்டுக்கட்டி பரவை மார்க்கெட்டுக்குப் போய்விடும். இலையில் ஓட்டை இருந்தால் கட்டுக்கு விலை இல்லை. கிழங்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாங்குகிறவர் கண் முதலில் இலைமேல்தான் விழும். கார்த்திகைக் கடைசியில் பனி இறங்க ஆரம்பித்ததும் இந்தக் கறுப்புப் புழு வந்துவிட்டது.

அப்பத்தா வரப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது கம்பளிப்பூச்சி மாதிரி நடக்கலையேப்பா" என்றார். அதை அப்போது நான் காதில் வாங்கவில்லை. சாயங்காலம் ஒரு புழுவை வெள்ளைத் தட்டில் போட்டு, நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கிற லென்ஸால் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

கால்களை எண்ணினேன். முன்னால் மூன்று ஜோடி நிஜக்கால். அது அந்துப்பூச்சிப் புழுவுக்கும் உண்டு. அதற்குப் பின்னால் வயிற்றில் மெத்துமெத்தென்று தெரியும் பொய்க்கால்கள் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்குப் பொதுவாக ஐந்து ஜோடிக்கு மேல் இருக்காது. இதற்கு எட்டு ஜோடி இருந்தது. இரண்டு தடவை எண்ணினேன், எட்டுதான். தலையின் இரு பக்கமும் ஒற்றைக் கண்புள்ளி, கடுகை ஒட்டி வைத்தது மாதிரி. அந்துப்பூச்சிப் புழுவுக்கு அந்த இடத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒரு கொத்தாக இருக்கும். அப்பத்தா சொன்னது சரி. இது வண்ணத்துப்பூச்சி இனமே இல்லை. குளவி, எறும்பு, தேனீயின் பங்காளி.

பெயர் கடுகு ரம்பப்பூச்சி. அத்தாலியா இனம். தாய்ப்பூச்சியின் வாலில் ரம்பம் மாதிரிப் பல் வைத்த ஒரு கருவி உண்டு. அதைக் கொண்டு இலை ஓரத்தை அறுத்து, அந்தக் கீறலுக்குள் ஒவ்வொரு முட்டையாகச் சொருகி வைக்கும். கடுகு, முள்ளங்கி, நூல்கோல், முட்டைக்கோஸ் என்று அந்தக் குடும்பத்துச் செடிகள்தான் அதற்குச் சாப்பாடு. பி.டி. பவுடரில் இருக்கும் குர்ஸ்டாகி வகை நஞ்சு அந்துப்பூச்சிப் புழுவின் குடலில்தான் வேலை செய்யும். குளவி இனத்துப் புழு அதைத் தின்றுவிட்டுப் பேசாமல் போய்க்கொண்டே இருக்கும். காலை எண்ணிப் பார்க்காமல் மருந்து வாங்கினால் இதுதான் கதி.

அடுத்த வேலை பொறுக்குவது. இந்தப் புழுவைத் தொட்டால் சுருண்டு பொத்தென்று மண்ணில் விழுந்து செத்த மாதிரிக் கிடக்கும். கறுப்புப் புழு ஈரக் கரம்பை மண்ணில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. முதல் நாள் பாதிப் புழுவை அப்படித்தான் தவறவிட்டேன். இரண்டாம் நாள் அப்பத்தா முறத்தைக் கொண்டுவந்து செடிக்கு அடியில் நீட்டி, இலையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். மழை மாதிரி விழுந்தன. காலை வெயில் ஏறுவதற்கு முன்னும் சாயங்காலமும்தான் இவை மேலே வந்து மேயும், நடுப்பகலில் போனால் கிடைக்காது. ஒரு மணி நேரத்தில் அரை டம்ளர் சேர்ந்தது. கையில் எடுத்தால் தோலிலிருந்து ஒரு சொட்டு நீர் கசிந்து விரலில் ஒட்டியது. கழுவும்வரை ஒரு மாதிரிப் பிசுபிசுப்பு. எறும்பு கிட்டே வராமல் இருக்க அது செய்யும் வேலை. ஐரோப்பாவில் இதன் உறவுக்காரப் பூச்சி ஒன்றை ஆராய்ந்தவர்கள், அது தின்னும் கடுகுச் செடியின் காரச் சத்தையே ரத்தத்தில் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சோப்புத் தண்ணீர் வாளி பக்கத்தில் தயாராக இருந்தது. டம்ளரைக் கவிழ்க்கப் போனபோதுதான் லென்ஸில் பார்த்த அந்த எட்டு ஜோடிக் கால் நினைவுக்கு வந்தது. இலை தின்னும் எந்தப் புழுவுக்கும் அதைத் தின்னும் ஏதாவது ஒன்று இருக்கும். இதற்கு என்ன இருக்கும் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. அரை டம்ளரில் பாதியை வாளியில் போட்டேன். மீதி 58 புழுவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

முதல் டப்பா தோல்வி. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இலையைப் போட்டு, வாயில் துணி கட்டி வைத்தேன். இரவில் இலையின் ஈரம் கண்ணாடியில் சொட்டுச் சொட்டாகக் கோத்துக்கொண்டு, காலையில் அடியில் நாலு புழு மூழ்கிக் கிடந்தன. எச்சம் கூழாகிவிட்டது. முழு வளர்ச்சி அடைந்தவை வெளியே போக வழி தேடிப் பாட்டிலின் மேல்விளிம்பில் சுற்றிச்சுற்றி வந்தன. அவை மண்ணைத் தேடுகின்றன என்பது புரியவே எனக்கு ஒரு நாள் பிடித்தது.

இரண்டாவது டப்பாவை ஒழுங்காகச் செய்தேன். ஐந்து லிட்டர் பெயிண்ட் வாளி. அடியில் இரண்டு அங்குலத்துக்குச் சலித்த செம்மண்ணும் மக்கிய சாணமும் பாதிப்பாதி. கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கிற, ஆனால் விரலில் ஒட்டாத ஈரம். இலைக் காம்பைப் பஞ்சு சுற்றி ஒரு மருந்துக் குப்பித் தண்ணீரில் சொருகி, மண்ணில் புதைத்து நிறுத்தினேன். பஞ்சு இல்லையென்றால் புழு குப்பிக்குள் இறங்கி மூழ்கிவிடும், அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மேலே வாய்க்கட்டுக்கு அப்பாவின் பழைய வேட்டித் துணி. கொசுவலை வேண்டாம், அதன் கண் பெரிது. வரப்போகிறது என்னவென்று தெரியாதபோது சின்னக் கண் துணிதான் பாதுகாப்பு.

இவ்வளவும் செய்து திண்ணையில் வைத்தேன். மறுநாள் விடியற்காலை வாளியைச் சுற்றிச் சிற்றெறும்பு வரிசை. துணி மடிப்பு வழியாக உள்ளே போயிருந்தன. உயிரோடு இருக்கும் பெரிய புழுக்களை ஒன்றும் செய்யவில்லை. அன்றுதான் தோல் உரித்து மெத்தென்றிருந்த மூன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. அப்பத்தா பலகாரத் தூக்கை வைக்கிற பழைய முறை இருக்கிறதே, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் செங்கல், செங்கல் மேல் பாத்திரம். அதையே செய்தேன். அதன் பிறகு எறும்புத் தொல்லை இல்லை.

ஒரு வாரத்தில் புழுக்கள் தின்பதை நிறுத்தின. வயிற்றில் இருந்த பச்சை வடிந்து, உடல் சற்றுச் சுருங்கி, ஒன்று ஒன்றாக மண்ணுக்குள் இறங்கின. பத்து நாள் கழித்து மண்ணைச் செய்தித்தாளில் கொட்டி விரலால் கிளறினால், சின்ன நிலக்கடலைப் பருப்பு அளவில் மண் மாத்திரைகள். வெளியே மண்துகள், உள்ளே பட்டு மெழுகிய மாதிரி வழவழப்பு. தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், உள்ளே ஈரம் ஏறவே இல்லை. எண்ணினால் 31. மீதிப் புழுக்கள் எறும்புக்கும் பூஞ்சைக்கும் என் கைத்தவறுக்கும் போயிருந்தன. பூஞ்சை வந்தது என் தவறுதான். மண் காய்கிறதே என்று மேலே பரவலாகத் தண்ணீர் தெளித்துவிட்டேன். இப்போது சிரிஞ்சால் ஒரே மூலையில் மட்டும் ஐந்து மில்லி விடுகிறேன். ஈரம் தானாக நகர்ந்து போகும்.

எது எதிலிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால் கூடுகளைப் பிரித்து வைத்தே ஆக வேண்டும். ஹோமியோபதிக் குப்பிகள் 31 வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை மண், ஒரு கூடு, வாயில் பஞ்சு, வெளியே எண் எழுதிய ஒட்டுத்தாள். மச்சான் வந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, புழுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டு, ஒரு குப்பியைக் குலுக்கப் போனார். தடுத்துவிட்டேன்.

புத்தகங்களில் கூட்டுப்புழுப் பருவம் 11 முதல் 31 நாள் என்று இருக்கிறது. எனக்கு 14-ஆம் நாள் முதல் குப்பி திறந்தது. ஆரஞ்சு மஞ்சள் உடம்பு, கறுப்புத் தலை, புகை பிடித்த மாதிரி இறக்கை. குட்டையான உணர்கொம்பு, நுனி கொஞ்சம் தடித்தது. நெஞ்சும் வயிறும் ஒரே பருமனில் ஒட்டிப்போய், இடுப்பே இல்லாத உருவம். சரி, இது ரம்பப்பூச்சி. அடுத்த மூன்று நாளில் அதே மாதிரி 18 வந்தன.

19-ஆம் நாள் 22-ஆம் எண் குப்பியில் வேறு ஒன்று. அவசரத்தில் பார்த்தால் இதையும் ரம்பப்பூச்சி என்றே சொல்லியிருப்பேன், நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இடுப்பு நூல் மாதிரி. உணர்கொம்பு உடல் நீளத்துக்கு நீண்டு, ஒரு நொடி கூட நிற்காமல் துடித்துக்கொண்டே இருந்தது. பஞ்சைத் தட்டுகிறது, கண்ணாடியைத் தட்டுகிறது, தன் காலையே தட்டிப் பார்க்கிறது. கறுப்பு உடல், வயிற்றின் நடுப்பகுதி மட்டும் செம்பழுப்பு. வாலில் நீண்ட ஊசி இருக்கும் என்று எதிர்பார்த்தேன், குட்டையாகத்தான் இருந்தது. முன்னிறக்கையை லென்ஸில் பார்த்தேன். இரண்டாவது குறுக்கு நரம்பு இருந்தது. புழுவுக்குள் முட்டையிடும் குளவிகளில் அந்த நரம்பு இல்லையென்றால் பிராக்கோனிட் குடும்பம், இருந்தால் இக்னியூமானிட். இது இக்னியூமானிட் குளவி. நம் நாட்டில் கடுகு ரம்பப்பூச்சிப் புழுவின் ஒட்டுண்ணியாகப் பதிவாகியிருக்கும் பெரிலிசஸ் சிங்குலேட்டர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஒட்டுண்ணி என்றதும் பேன், மாட்டு உண்ணி ஞாபகம் வரும். அவை உறிஞ்சுமே தவிரக் கொல்லாது. இந்தக் குளவி அப்படியல்ல. புழு சின்னதாக இருக்கும்போதே அதன் உடலுக்குள் முட்டையை இறக்கிவிட்டுப் போய்விடும். புழு செத்துப்போவதில்லை, மேய்கிறது, வளர்கிறது, தோல் உரிக்கிறது, மண்ணுக்குள் இறங்கித் தனக்கென்று கூடும் கட்டி முடிக்கிறது. அதற்குப் பிறகுதான் உள்ளே இருக்கும் குளவிக் குஞ்சு முழுதாகத் தின்று தீர்க்கும். வீட்டைக் கட்டவிட்டு, கிரகப்பிரவேசம் முடிந்ததும் வீட்டுக்காரரைச் சாப்பிடுகிற ஆள்.

22-ஆம் குப்பியின் காலிக் கூட்டைப் பிளேடால் நெடுக்காக அறுத்துப் பார்த்தேன். ரம்பப்பூச்சி கட்டிய மண்கூட்டுக்குள், வெங்காயத் தோல் மாதிரி இன்னொரு மெல்லிய கூடு. இரண்டுக்கும் நடுவே ஓரமாக ஒதுக்கித் தள்ளியிருந்த கசங்கிய கறுப்புத் தோல். அந்தத் தோலின் நுனியில் புழுவின் தலை ஓடு, கடுகு அளவு, அந்த ஒற்றைக் கண்புள்ளியோடு. இதைப் பார்த்த பிறகு எனக்குச் சோப்பு வாளி நினைவுதான் வந்தது. அன்று வாளியில் கொட்டிய கால் டம்ளரில் எத்தனை குளவி இருந்ததோ. வெளியிலிருந்து பார்த்தால் முட்டை விழுந்த புழுவுக்கும் விழாத புழுவுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

மொத்தக் கணக்கு: 19 ரம்பப்பூச்சி, 5 குளவி, 7 கூட்டில் ஒன்றும் வரவில்லை. வராத ஏழு கூட்டையும் ஒரு மாதம் கழித்து உடைத்தேன். மூன்றில் வெள்ளைப் பூஞ்சை. மூன்று காய்ந்து கருவாடு. ஒன்றில் முழுதாக வளர்ந்த ரம்பப்பூச்சி வெளியே வர முடியாமல் செத்திருந்தது, மண்ணை அதிகம் காயவிட்டதால் கூடு கல் மாதிரி இறுகிவிட்டது.

அந்தச் சமயத்தில் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த வேறு சில புழுக்களை உப்புத் தண்ணீர்ச் சொட்டில் வைத்துக் கிழித்துப் பார்த்தேன். போன் கேமராவில் கிளிப் லென்ஸ் மாட்டினால் போதும், பெரிய மைக்ராஸ்கோப் வேண்டியதில்லை. ஒன்றின் வயிற்றில் சீரக வடிவில் கறுப்பாக ஒரு துணுக்கு. முதலில் மண் என்று நினைத்தேன். ஊசியால் தள்ளினால் கெட்டியாக உருண்டது. அது செத்துப்போன முட்டை. புழுவின் ரத்த அணுக்கள் வெளியாள் வந்திருப்பதை அறிந்து, முட்டையைச் சுற்றி அடுக்கடுக்காக ஒட்டி, கறுக்கவைத்து, மூச்சு முட்டச் செய்துவிடும். அதாவது எல்லா முட்டையும் குளவியாகாது, புழுவும் திருப்பி அடிக்கும்.

இதனால் ஒரு நாட்டுத் திட்டமே கவிழ்ந்திருக்கிறது. கனடாவில் லார்ச் என்ற ஊசியிலை மரங்களை மொட்டையடித்த ரம்பப்பூச்சிக்கு எதிராக 1910-களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து மெசோலியஸ் டென்த்ரெடினிஸ் என்ற இக்னியூமானிட் குளவியைக் கொண்டுபோய் விட்டார்கள். சில காலம் நன்றாகவே வேலை செய்தது. 1940-களில் பார்த்தால், புழுக்கள் அந்த முட்டைகளை இதே மாதிரி மூடிக் கொல்ல ஆரம்பித்திருந்தன. 1960-களில் ஐரோப்பாவிலிருந்து ஒலெசிகாம்பி பெனிஃபாக்டர் என்ற வேறொரு குளவியைக் கொண்டுவந்தார்கள். அது பிடித்துக்கொண்டதும், அந்தக் குளவியையே தின்னும் மெசோகோரஸ் என்ற குளவி வந்து சேர்ந்தது. தின்பவனைத் தின்பவன். அதனால்தான் என் ஐந்து குளவியையும் திறந்துவிடுவதற்கு முன்னால், வந்தது புழுவின் எதிரியா, எதிரியின் எதிரியா என்று ஒரு தரம் யோசித்தேன். மெசோகோரஸுக்கு முன்னிறக்கை நடுவில் பெரிய சாய்சதுரக் கட்டம் ஒன்று இருக்கும். என்னுடையவற்றில் அது இல்லை. திறந்துவிட்டேன்.

அடுத்த பருவத்தில் வேலையை மாற்றினேன். முறத்தில் தட்டிய புழுக்கள் சோப்பு வாளிக்குப் போகவில்லை, நேராக மண் வாளிக்குப் போயின. தோட்டத்தில் மேய்ச்சல் குறைந்தது, குளவியும் பிழைத்தது. சிக்கல் கடைசியில்தான், வாளியில் இரண்டும் கலந்து வரும். ரம்பப்பூச்சியை மறுபடி தோட்டத்துக்கு விட யாருக்கும் பைத்தியம் இல்லை. டீ வடிகட்டியின் வலையை மூடியில் ஒட்டி, குளவி மட்டும் நுழைந்து போகட்டும் என்று பார்த்தேன். சின்னக் குளவி இனங்களுக்கு இந்த வேலை ஆகும். இங்கே இரண்டும் ஒரே அளவு என்பதால் இரண்டும் உள்ளேயே மாட்டிக்கொண்டன. வலையைப் பிய்த்துப் போட்டேன்.

அப்புறம் உறிஞ்சுகுழல் செய்தேன். மீன் தொட்டிக்கு வாங்கும் பிளாஸ்டிக் டியூப் இரண்டு முழம், ஒரு மாத்திரை டப்பா. மூடியில் இரண்டு ஓட்டை போட்டு இரண்டு டியூப் சொருகி, ஓரத்தை எம்-சீல் வைத்து அடைத்தேன். ஒரு டியூபைப் பூச்சியிடம் நீட்டி மற்றதை வாயில் வைத்து இழுத்தால் பூச்சி டப்பாவுக்குள் வந்துவிடும். வாயில் வைக்கிற டியூபின் உள்முனையில் துணி கட்ட வேண்டும். முதல் தடவை நான் கட்டவில்லை. அதை எழுதத் தேவையில்லை, அப்பத்தா மூன்று நாள் சிரித்தார்.

வாளியை இருட்டு அறையில் வைத்து ஜன்னல் பக்கம் மட்டும் துணியை விலக்கினால், பூச்சிகள் வெளிச்சத்துக்கு வந்து வரிசையாக உட்காரும். இடுப்புள்ளது ஒரு டப்பாவுக்கு, இடுப்பில்லாதது சோப்புத் தண்ணீருக்கு. பிடித்த குளவிகளுக்குத் தேன் கலந்த தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வைத்தேன். உடனே வந்து குடித்தன. அதனால் பாத்தி ஓரம் முழுக்கக் கொத்தமல்லி தூவி, பறிக்காமல் பூக்கவிட்டேன். திறந்த சின்னப் பூ என்பதால் இந்த வகைக் குளவிக்கு வாய் எட்டும். மார்கழியில் கொத்தமல்லிப் பூவில் அந்தத் துடிக்கும் உணர்கொம்பைத் தோட்டத்திலேயே பார்த்தேன். வாளியிலிருந்து போனதா, தானாக வந்ததா, அதன் முதுகில் எண் இல்லை.

இரண்டாம் பருவத்தில் 70 கூட்டில் 23 குளவி. இது என் 15 சென்ட்டின் கணக்கு, பக்கத்துத் தோட்டத்துக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இலை ஓட்டை முழுதாக நிற்கவில்லை. நாற்றுப் பருவத்தில் மட்டும் புழு அதிகமானால் இப்போதும் பாத்தியில் தண்ணீரைத் தேக்கிவிடுகிறேன், விழுந்தவை மூழ்கும். அதில் சில குளவியும் போகும். இரண்டிலைச் செடியை இழந்துவிட்டுக் குளவியைக் காப்பாற்றி என்ன செய்ய.

மச்சானோடுதான் இப்போது பஞ்சாயத்து. பங்குனியில் கோடை உழவு போட்டுவிட வேண்டும் என்பது அவர் கட்சி. அதிலும் நியாயம் உண்டு. ரம்பப்பூச்சி வெயில் காலம் முழுக்க மண்கூட்டுக்குள் தூங்குவதால், உழுது புரட்டினால் வெயிலும் காக்கையும் பார்த்துக்கொள்ளும். என் கட்சி, அந்தக் கூடுகளில் மூன்றில் ஒன்று நம்முடையது என்பது. கடைசியில் பேசி முடித்தது: பத்துப் பாத்தியில் எட்டை உழுவது, மேற்கு ஓரம் இரண்டில் கொத்து படாமல் விட்டு மூடாக்குப் போடுவது. "ரெண்டு பாத்தி சும்மா கிடக்கா, அதுல தண்டுக்கீரை தூவுடா" என்றார் அப்பத்தா. தூவியிருக்கிறேன்.